100 நியூட்டன் மீட்டர் மோட்டார் வந்துவிட்டது, என் பழைய எலெக்ட்ரிக் சைக்கிள் இனி போதாதா?

நீங்கள் கேட்டது இது: ஐந்து வருடமாக ஓட்டும் எலெக்ட்ரிக் சைக்கிள் ஒன்று இருக்கிறது. பெடல் அச்சில் மோட்டார், திருகும் பலம் 65 நியூட்டன் மீட்டர், 400 வாட் அவர் ஆற்றல் பிடிக்கும் பேட்டரி. வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போய்வர 36 கிலோமீட்டர். மாலையில் திரும்பும்போது ஒரு நீளமான ஏற்றத்தில் வண்டி திணறுகிறது, வீடு வந்து சேரும்போது பேட்டரி கடைசிக் கோட்டில் நிற்கிறது. இப்போது வரும் மோட்டார்கள் 100, 120 நியூட்டன் மீட்டர் என்கிறார்கள், 1,000 வாட் என்கிறார்கள், கியர் தானே மாறும் என்கிறார்கள். ஓட்டுபவருக்கு இதில் உண்மையாகக் கிடைப்பது என்ன, வண்டியை மாற்றலாமா? இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த ஏற்றத்தில் வண்டி திணறுவது மோட்டார் காலாவதி ஆனதாலா, வேறு எதனாலாவதா? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் பதினான்கு வருடமாக இந்த மோட்டார்களைத் திறந்து பழுது பார்க்கிறேன். பேரிங் மாற்றுவது, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரில் தண்ணீர் புகுந்தால் சுத்தம் செய்வது, படுத்துவிட்ட பேட்டரியில் எந்தச் செல் வரிசை போனது என்று தேடுவது, இதுதான் வேலை. வண்டி விற்பதில்லை. உங்கள் வண்டியை நேரில் பார்க்கவில்லை என்பதால் அதன் நிலைமை பற்றிச் சொல்வதை ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பம் பற்றிச் சொல்வது கையால் தொட்டுப் பார்த்தது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிய தலைமுறையின் பெரிய லாபம், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் எண்களில் இல்லை. மோட்டார் உங்கள் காலைப் புரிந்துகொள்ளும் விதத்திலும், மோட்டாரும் கியரும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியிருப்பதிலும்தான் அது இருக்கிறது.

அந்த எண்களை முதலில் பார்த்துவிடுவோம். காலோடு சேர்ந்து மோட்டாரும் தள்ளும் சைக்கிளை யமஹா 1993-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடிப்படை இன்றும் அதுவேதான்: நீங்கள் மிதிக்கும் விசையை அளந்து, அதற்கேற்ற அளவு மோட்டாரும் கூடத் தள்ளும். மாறியிருப்பது அளவு. ஐந்தாறு வருடத்துக்கு முன் பல மலைப்பாதை வண்டிகளுக்கே 75, 85 நியூட்டன் மீட்டர்தான். 2024-இல் ட்ரோன் செய்யும் டிஜேஐ நிறுவனம் அவினாக்ஸ் என்ற மோட்டாரைக் கொண்டுவந்தது. 105 நியூட்டன் மீட்டர், பூஸ்ட் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு 120, உச்சத் திறன் 1,000 வாட், எடை 2.52 கிலோ. அதே வருடம் வந்த பாஷ் நிறுவனத்தின் ஐந்தாம் தலைமுறை பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் மோட்டார் 85 நியூட்டன் மீட்டர், 600 வாட் என்று வந்தது. 2025-இல் ஒரு மென்பொருள் அப்டேட் மட்டும் போட்டு அதை 100 நியூட்டன் மீட்டர், 750 வாட் வரை உயர்த்தினார்கள். இரும்பும் செம்பும் அதேதான், அனுமதித்த அளவு மட்டும் கூடியது. இந்த எண்கள் ஓரளவுக்கு நிறுவனம் எடுக்கும் முடிவு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஐரோப்பிய விதிப்படி இந்த வகைச் சைக்கிளின் மோட்டார் 250 வாட்டைத் தாண்டக்கூடாது, மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிட வேண்டும். அப்படியானால் 600 வாட் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். 250 என்பது தொடர்ந்து ஓடும்போது அளவுக்கு மீறிச் சூடாகாமல் தாங்கும் திறனைக் குறிக்கிறது. கொஞ்ச நேரத்துக்குக் கிடைக்கும் உச்சம் வேறு. ஒரே 250 வாட் முத்திரை உள்ள இரண்டு மோட்டார்களில் ஒன்று 350 வாட்டும் மற்றது 750 வாட்டும் உச்சத்தில் தரலாம். முத்திரையை வைத்து ஒப்பிடாதீர்கள்.

நியூட்டன் மீட்டர் என்பது முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருகும் பலம். அது எந்த அச்சில் அளந்தது என்பது முக்கியம். பெடல் அச்சில் உட்காரும் மோட்டாரின் பலம் செயின், கியர் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது. முன்னே 38 பல், பின்னே 19 பல் இருந்தால் உங்கள் 65 நியூட்டன் மீட்டர் சக்கரத்துக்குப் போகும்போது பாதியாகிவிடும். பின்னே 38 பல்லுக்கு இறக்கினால் முழு 65-ம் கிடைக்கும். ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டாரில் 40 என்று போட்டிருந்தால் அது நேராகச் சக்கரத்தில் கிடைக்கும் 40. இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று சண்டை போடுவதைத் தினமும் பார்க்கிறேன். அடிப்படையே தவறான ஒப்பீடு அது.

சரி, உங்கள் ஏற்றத்துக்கு வருவோம். நீங்கள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 105 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். ஏற்றம் ஆறு சதவீதம், வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். புவியீர்ப்பை எதிர்த்து ஏற மட்டும் ஏறக்குறைய 257 வாட் வேண்டும். டயர் உராய்வும் காற்றும் சேர்த்தால் 325 வாட் ஆகும். அதில் 100 வாட் உங்கள் கால் கொடுக்கும், அது சாதாரணமானவர் சிரமப்படாமல் தரும் அளவு. மீதி 225 வாட் மோட்டார் தரவேண்டும். 65 நியூட்டன் மீட்டர் மோட்டார், பெடல் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் 400 வாட்டுக்கு மேல் தரும் பலம் உள்ளது. 40 சுற்றுக்கு விழுந்தால் 270. 30 சுற்றுக்கு விழுந்தால் 204 வாட்தான், போதாது. அதாவது, கனமான கியரிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக அழுத்தி அழுத்தி ஏறினால் 65 திணறத்தான் செய்யும். இரண்டு மூன்று கியர் இறக்கிக் காலைச் சுற்ற விட்டால் அதே மோட்டார் தாராளமாக ஏறும். 120 நியூட்டன் மீட்டர் மோட்டார் கியர் இறக்காத சோம்பலையும் மன்னித்துவிடும், உண்மைதான். சரக்குப் பெட்டியில் இரண்டு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கும், செங்குத்தான மண்பாதையில் ஏறுகிறவருக்கும் அந்தக் கூடுதல் பலம் நிஜமான வரம். தார்ச்சாலையில் வேலைக்குப் போய்வருகிற உங்களுக்கு அது பெரும்பாலும் கூடுதல் பேட்டரிச் செலவு, கூடுதல் செயின் தேய்மானம்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது மலிவு வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சென்சார்தான் இருந்தது. பெடல் அரைச் சுற்று சுற்றியதும் மோட்டார் முழுதாக இழுக்கும், நிறுத்திய பிறகும் ஒரு நொடி தள்ளிக்கொண்டே இருக்கும். விளக்கு சுவிட்ச் போல. அப்புறம் பெடல் அச்சில் முறுக்குவிசையை அளக்கும் சென்சார் பரவலானது. அச்சு மிதிபடும்போது மயிரிழை அளவுக்கு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலை அளக்கும் பட்டையோ, உலோகத்தின் காந்தத் தன்மை மாறுவதைக் கண்டுபிடிக்கும் சுருளோ காலின் விசையைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும். புதிய தலைமுறையில் இந்த அளவீடு ஒரு நொடிக்கு ஆயிரம் முறை அளவில் நடக்கிறது. கூடவே பெடல் சுழலும் வேகம், சக்கரத்தின் வேகம், வண்டி சாய்ந்திருக்கிறதா, மேலே ஏறுகிறதா, தடை ஒன்றில் மோதித் திடீரென வேகம் குறைந்ததா என்பதைச் சொல்லும் அசைவுச் சென்சார்கள். இத்தனையையும் சேர்த்துப் பார்த்துத்தான் மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் விடுவது என்று முடிவாகிறது.

மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் விதமும் மாறிவிட்டது. பழைய கன்ட்ரோலர் ஆறு படிகளாக, கட்டம் கட்டமாக மின்னோட்டத்தை மாற்றும். அதனால்தான் மெதுவாகப் போகும்போது ஒரு உறுமலும் அதிர்வும் இருக்கும். இப்போது மோட்டாருக்குள் சுழலும் பகுதியான ரோட்டரின் காந்தம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒவ்வொரு கணமும் கணக்குப் போட்டு, அலை போல வழுவழுப்பான மின்னோட்டம் தருகிறார்கள். குறைந்த வேகத்திலும் முழு முறுக்குவிசை, சத்தம் குறைவு, வெப்பமாக வீணாவதும் குறைவு. சிக்னலில் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இதன் அருமை தெரியும். முதல் கால் மிதியிலேயே வண்டி பதற்றமில்லாமல் நகரும். ஈரமான சரளையில் சக்கரம் வழுக்காமல் பிடிக்கும். நெரிசலில் நடைவேகத்தில் வளைந்து போகும்போது திடுக்கென்று தள்ளாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பலம் போதவில்லை என்று என்னிடம் வரும் வண்டிகளில் பல உண்மையில் இந்தக் கட்டுப்பாடு போதாத வண்டிகள். முழங்கால் வலி உள்ள ஒரு பெரியவர் 500 வாட் ஹப் மோட்டார் வண்டியோடு வந்தார். ஏற்றத்தில் முட்டி வலிக்கிறது, இன்னும் பெரிய மோட்டார் போட முடியுமா என்றார். ஓட்டிப் பார்த்தேன். பெடல் அரைச் சுற்று சுற்றும்வரை மோட்டார் வேலையே செய்யவில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்த முதல் அரைச் சுற்று முழுக்க அவருடைய முட்டியின் தலையில் விழுந்தது. விசை அளக்கும் சென்சார் உள்ள, பாதித் திறன் மட்டுமே கொண்ட வேறொரு வண்டியை ஓட்டக் கொடுத்தேன். ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்திக் கிளம்பிப் பார்த்துவிட்டு வந்து, பெரிய மோட்டார் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

இதிலேயே ஒரு நுணுக்கம். நீங்கள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் எவ்வளவு நேரம் தள்ளுகிறது என்பதைப் புதிய மோட்டார்களில் திட்டமிட்டே வைக்கிறார்கள். மலைப்பாதையில் பாறைப் படி ஏறும்போது பெடலைச் சுற்ற இடமிருக்காது, அப்போது அந்த ஒரு உந்தல் வண்டியைத் தூக்கிவிடும். அதே உந்தல் ஊருக்குள் சாலை திருப்பத்தில் வேண்டாதது. நல்ல அமைப்பில் இதை மோடு வாரியாகக் கூட்டிக் குறைக்கலாம்.

சத்தம், எடை இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். முந்தைய தலைமுறையின் பல பெடல் அச்சு மோட்டார்களில் மிதிக்காமல் இறக்கத்தில் போகும்போது உள்ளே கடகட என்று ஆடும். மோட்டாரைப் பெடலிலிருந்து கழற்றிவிடும் ஒருவழிக் கிளட்ச்சும் பற்களும் இடைவெளியில் மோதும் சத்தம் அது. பெரும்பாலும் பழுது இல்லை, ஆனால் காதுக்குத் தொல்லை. புதியவற்றில் இதைக் கிட்டத்தட்ட அடக்கிவிட்டார்கள். எடைக் குறைப்பில் தனி வகையே பிறந்திருக்கிறது. டிக்யூ நிறுவனத்தின் எச்பிஆர்50 மோட்டார் 1.85 கிலோதான், 50 நியூட்டன் மீட்டர். அதன் அடுத்த வடிவம் 60. பார்த்தால் சாதாரணச் சைக்கிள் போலவே இருக்கும், சத்தம் காதில் விழுவதே அபூர்வம். வண்டியை மாடிக்குத் தூக்கிப் போகிறவர்கள், அல்லது பாதி நேரம் மோட்டார் இல்லாமல் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள், 120 நியூட்டன் மீட்டரை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்க்க வேண்டும். இதுவும் புதிய தலைமுறைதான், விளம்பரம் குறைவு, அவ்வளவே.

அடுத்தது கியர். என்னைக் கேட்டால் வரும் பத்து வருடத்தில் பெரிய மாற்றம் இங்கேதான். பெடல் அச்சு மோட்டாரின் பழைய பாவம் ஒன்று உண்டு: உங்கள் கால் பலமும் மோட்டார் பலமும் சேர்ந்து ஒரே மெல்லிய செயின் வழியாகப் போகிறது. சாதாரணச் சைக்கிளில் பல ஆயிரம் கிலோமீட்டர் வரும் செயின் இங்கே பாதியிலேயே நீண்டுவிடும். ஏற்றத்தில் முழு அழுத்தத்தில் கியர் மாற்றினால் பற்கள் கடிபடும். என் மேசைக்கு வரும் பின்பற்சக்கரங்களில் பெரும்பாலானவை இப்படித் தேய்ந்தவைதான். இதற்கு முதல் தீர்வு, கியர் மாறும் கணத்தில் மோட்டார் தன் விசையைக் கண் இமைக்கும் நேரம் தளர்த்துவது. இது இப்போது பரவலாகிவிட்டது. அடுத்த படி, மோட்டாரே கியரை மாற்றுவது. 2022-இல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ கொண்டுவந்த முறையில், நீங்கள் பெடலைச் சுற்றாமல் சும்மா உருண்டு போகும்போதும் மோட்டார் முன்பற்சக்கரத்தைச் சுற்றிச் செயினை நகர்த்திக் கியரை மாற்றிவிடும். சிக்னலுக்கு வந்து நிற்பதற்குள் வண்டி கிளம்பும் கியருக்கு இறங்கியிருக்கும். மேலே நான் கணக்குப் போட்ட 30 சுற்றுப் பிரச்சினைக்கு இதுதான் நேரடி மருந்து. கியர் இறக்க மறந்து கனத்தில் மாட்டிக்கொள்வது என்பதே நடக்காது.

இன்னும் ஒரு படி மேலே போய், 2023-இல் பினியன் நிறுவனம் மோட்டாரையும் கியர்பாக்ஸையும் ஒரே கூட்டுக்குள் வைத்தது. 12 கியர், மிகக் கனமான கியருக்கும் மிக லேசான கியருக்கும் இடையே ஆறு மடங்கு விரிவு, 85 நியூட்டன் மீட்டர், எடை நான்கு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். பற்கள் எல்லாம் எண்ணெயில் மூழ்கி மூடிய பெட்டிக்குள் இருப்பதால் மழையும் மணலும் அண்டாது. பின்சக்கரத்துக்குச் செயினுக்குப் பதில் கார்பன் இழை பெல்ட் போடலாம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. நின்றுகொண்டே கியர் மாற்றலாம். எல்லா வானிலையிலும் தினசரி ஓட்டுகிறவருக்கு இது 120 நியூட்டன் மீட்டரைவிடப் பெரிய பரிசு என்று தயங்காமல் சொல்வேன். குறை என்ன? அந்தக் கூட்டுக்குப் பொருத்தமாகச் செய்த ஃப்ரேமில்தான் அது உட்காரும், உள்ளே பழுதானால் மொத்தப் பெட்டியையும் நிறுவனத்துக்கு அனுப்பியாக வேண்டும், பற்கள் வழியாகப் போகும்போது கால் விசையில் நல்ல நிலையில் உள்ள செயினைவிடச் சற்றுக் கூடுதலாக வீணாகும்.

டெக்கத்லானின் எல்டி 920 இ வண்டியில் வந்த ஓவுரு என்ற மோட்டார் அமைப்பு வேறு பாதை. அதில் இரண்டு சிறிய மோட்டார்கள், நடுவே கோள்பற்சக்கரத் தொகுதி, அதாவது ஒரு பற்சக்கரத்தைச் சுற்றிச் சிறிய பற்சக்கரங்கள் உருளும் அமைப்பு. மோட்டார்களின் வேக வித்தியாசத்தாலேயே கியர் விகிதம் கூடிக் குறையும். கியர் என்ற படிகளே இல்லை. ஹைபிரிட் கார்களில் வரும் தத்துவம் இதற்கு உறவு. ஓட்டிப் பார்த்தேன், பழகிய பிறகு கை கியரைத் தேடுவதே நின்றுவிடுகிறது. இதையும் தாண்டி, செயினே இல்லாத முறை இருக்கிறது: பெடல் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும், மின்கம்பி வழியாக ஆற்றல் பின்சக்கர மோட்டாருக்குப் போகும். ஷேஃப்லர் நிறுவனம் 2021-இல் இதைக் காட்டியது. மூன்று நான்கு சக்கரச் சரக்கு வண்டிகளுக்கு இது பொருத்தம், பெடலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இரண்டு சக்கரத் தினசரி வண்டிக்கு எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சுத்தமான செயின் உங்கள் கால் உழைப்பில் 95 சதவீதத்துக்கு மேல் சக்கரத்தில் சேர்க்கும். மின்சாரமாக்கி மறுபடி இயக்கமாக்கினால் அந்த அளவு வராது. பேட்டரி தீர்ந்த அன்று என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பேட்டரியில் நடந்த மாற்றம் சத்தமில்லாதது. முன்பு 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் உயரமும் உள்ள 18650 செல்கள், இப்போது 21-க்கு 70 அளவுள்ள 21700 செல்கள். 40 செல் போட்ட 36 வோல்ட் பேட்டரி பழையதில் 500 வாட் அவர் என்றால் புதியதில் 720. ஆனால் செல்லின் கன அளவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் பெரிதாகிவிட்டது. அதே இடத்தில் மாயமாக இரண்டு மடங்கு ஆற்றல் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லாபம், ஒரே ஆற்றலுக்குச் செல்களும் வெல்டிங் இணைப்புகளும் குறைவு என்பதில். இன்று 800 வாட் அவர் பேட்டரி நான்கு கிலோவுக்குள் கிடைக்கிறது. வேகமாக ஏற்றும் சார்ஜரும் வந்திருக்கிறது, ஒன்றரை மணி நேரத்தில் முக்கால்வாசி ஏற்றுவது இப்போது நடக்கும் காரியம். திட மின்பகுளி செல்கள், அதாவது உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வழியாக மின்னூட்டம் நகரும் செல்கள் பற்றிக் கண்காட்சிகளில் நிறையப் பேச்சு அடிபடுகிறது. தினமும் மழையிலும் குலுக்கலிலும் பல வருடம் ஓடிய சைக்கிள் பேட்டரியாக அது இன்னும் நிரூபணமாகவில்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பி வரும் என்பதைப் பெரிய லாபமாகச் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். 105 கிலோ எடை 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது அதில் இருக்கும் மொத்த ஆற்றலே 0.7 வாட் அவர்தான். முழுதாகத் திரும்பி வந்தாலும் நூறு மீட்டர்கூடப் போக முடியாது. நூறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் 28 வாட் அவர், அதில் பாதி கைக்கு வந்தால் ஒன்றரை கிலோமீட்டர். இதுவும், சக்கரத்தை மோட்டாரிலிருந்து விலக்கித் தனியே உருள விடும் ஃப்ரீவீல் இல்லாத நேரடி ஹப் மோட்டாரில்தான் இயல்பாக நடக்கும். உங்களுடையது போன்ற பெடல் அச்சு மோட்டாரில் சக்கரம் மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றாது, அதனால் ஒன்றும் திரும்பாது. நீண்ட மலையிறக்கத்தில் பிரேக் கட்டை தேயாமல் இருப்பது மட்டும் இதில் நான் மதிக்கும் பயன்.

மென்பொருள் பக்கம் வரவேற்க வேண்டியதும் கவலைப்பட வேண்டியதும் கலந்தே வருகின்றன. முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ்ஸை பாஷ் 2018-இல் எலெக்ட்ரிக் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது, இன்று அது சிறிதாகிப் பல வண்டிகளில் கிடைக்கிறது. ஈரச் சாலையில் கனமான வண்டி ஓட்டுகிறவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். திருடினால் மோட்டார் இயங்காமல் பூட்டும் வசதியும் நல்லது. மறுபக்கம், மோட்டார், பேட்டரி, திரை மூன்றும் ஒன்றையொன்று எண் பார்த்து அடையாளம் தெரிந்தால்தான் இயங்கும் என்று கட்டிவைக்கிறார்கள். வேறு பேட்டரி போட முடியாது, சில சமயம் அதே நிறுவனத்தின் மாற்றுப் பாகத்தைக்கூட டீலரின் கருவி இல்லாமல் இணைக்க முடியாது. ஒரு முறை ஒரே ஒரு பேரிங் போன மோட்டார் வந்தது. பேரிங் எங்கும் கிடைக்கும் அளவுதான், ஆனால் அதைச் சுற்றியிருந்த சீலை விற்க அந்த நிறுவனம் மறுத்துவிட்டது, மொத்த மோட்டாரையும் மாற்றச் சொன்னது. மூன்றே வருடம் ஓடிய மோட்டார் அது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தீரவில்லை. நெதர்லாந்தின் எலெக்ட்ரிக் சைக்கிள் நிறுவனமான வான்மூஃப் 2023 ஜூலையில் திவாலானபோது, செயலி நின்றுபோனால் வண்டியைத் திறக்கவே முடியாதோ என்று ஓட்டுகிறவர்கள் பதறினார்கள். போட்டி நிறுவனமான கவ்பாய் அவசரமாக ஒரு செயலி செய்து டிஜிட்டல் சாவியைச் சேமித்துவைக்க உதவியது. வாங்கும் முன் ஒன்று கேளுங்கள்: இணையம் இல்லாமல், செயலி இல்லாமல், இந்த வண்டி ஓடுமா? பேட்டரி தனியாக எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இனி உங்கள் வண்டி. வாரம் மூன்று நாள் வீதம் ஐந்து வருடம் என்றால் ஏறக்குறைய 750 முறை சார்ஜ் ஆகியிருக்கும். அந்த வயதில் 400 வாட் அவர் பேட்டரியில் 280, 300 மிஞ்சியிருந்தால் அதுவே சாதாரணம். கிலோமீட்டருக்கு எட்டு வாட் அவர் செலவானாலும் 36 கிலோமீட்டருக்கு 288 வேண்டும். கடைசிக் கோட்டில் வந்து நிற்பதற்கு இந்தக் கணக்கே போதும். அதைவிட முக்கியம், வயதான செல்களின் உள் மின்தடை கூடிவிடும். பேட்டரி பாதிக்கு மேல் காலியான பிறகு ஏற்றத்தில் மோட்டார் அதிக மின்னோட்டம் கேட்டால் வோல்ட் சில புள்ளிகள் சரிந்துவிடும். கன்ட்ரோலர் செல்களைக் காப்பாற்ற மோட்டாரின் பலத்தைக் குறைத்துவிடும். மாலையில் மட்டும் திணறுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது.

ஆகவே வண்டி பார்க்கப் போகும் முன் ஒரு நாள் பேட்டரியை முழுதாக ஏற்றிக்கொண்டு நேரே அந்த ஏற்றத்துக்கே போங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமான கியரில் ஒருமுறை ஏறுங்கள், இறங்கி வந்து, மூன்று கியர் குறைத்துப் பெடல் நிமிடத்துக்கு 60, 70 சுற்று வருமாறு இன்னொரு முறை ஏறுங்கள். இரண்டாவது முறை எளிதாக ஏறினால் உங்களுக்குத் தேவை புதிய பேட்டரி, புதிய செயின், கியர் இறக்கும் பழக்கம். பேட்டரியை நிறுவனத்தின் அசல் பேட்டரியாகவே வாங்குங்கள், செல் மாற்றித் தருகிறேன் என்று யாராவது வீட்டில் வைத்து வெல்டிங் செய்து கொடுப்பதை வாங்காதீர்கள். எரிந்துபோன பேட்டரிகளைக் கையில் எடுத்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

முழு சார்ஜில், குறைந்த கியரிலும் திணறினால், அல்லது அந்த மாடலுக்குப் பேட்டரியே கிடைக்கவில்லை என்றால், வண்டியை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. அப்போது சோதனை ஓட்டத்தில் சமதரையில் வேகமாகப் போய்ப் பார்த்துவிட்டு வராதீர்கள், அதில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்புங்கள். நடைவேகத்தில் எட்டு போடுங்கள். முழு அழுத்தத்தில் கியர் மாற்றிப் பாருங்கள். உதவி நிற்கும் வேகத்தைத் தாண்டிப் போய், அந்த இடத்தில் வண்டி பின்னால் இழுபடுகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் மிதியுங்கள், என்றாவது ஒரு நாள் பேட்டரி தீர்ந்து வீடு திரும்பும்போது உங்கள் கையில் இருக்கப்போவது அந்த வண்டிதான். முழு சார்ஜில் ஏறியபோது என்ன நடந்தது என்று எழுதுங்கள், அதை வைத்து இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன்.